பிரேக் பிரஷர் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, மாற்றிப் பார்ப்பதா?

ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காப்பது) விளக்குகள் சேர்ந்து எரிந்தால், கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் அடிக்கடி வந்து நிற்கும் எண் 01435. பிரேக் பிரஷர் சென்சார் என்று அதற்குப் பொருள். அந்த வரியைப் படித்ததும் ‘ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும்’ என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்குகள் எங்கும் உண்டு. எனக்கு அந்த அவசரம் பிடிப்பதில்லை. எந்தப் பாதையில் தகவல் தவறாக வருகிறது என்பதைத்தான் கோடு (அந்தக் கோளாறு எண்) சொல்கிறது. அந்தப் பாதையில் சென்சார் தவிர ஒயர், கனெக்டர், எர்த் எல்லாம் இருக்கின்றன.

மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலில் ஏறும் அழுத்தத்தை அளந்து இஎஸ்பிக்குச் சொல்வது இந்த சென்சாரின் வேலை. அது பேசாமல் போனாலும் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும். மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஆயில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு விளக்குகளும் எரியும்போது ஏபிஎஸ், இஎஸ்பி உதவி இருக்காது. மழை நாளில் அதை மறந்து ஓட்டக் கூடாது.

செல்பேசியோடு இணையும் மலிவான ப்ளூடூத் கருவியை முதலில் ஒதுக்கிவிடலாம். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, திரையில் ‘குறை எதுவும் இல்லை’ என்று வரும்.

ஏபிஎஸ் யூனிட்டோடு பேசக்கூடிய நல்ல ஸ்கேனர் வேறு ரகம். அதன் பயன் கோடு படிப்பதில் இல்லை, ஓடும் அளவுகளைக் காட்டுவதில் இருக்கிறது. சாவியைத் திருப்பி, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பாருங்கள்: அழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். மெதுவாக மிதித்தால் எண் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். விட்டால் இறங்க வேண்டும். கால் படாமலேயே பத்துப் பன்னிரண்டு பார் (அழுத்தத்தின் அலகு) காட்டினால் பூஜ்ஜியப் புள்ளி நகர்ந்திருக்கிறது. எண் குதித்தால் எங்கோ தொடர்பு விட்டு விட்டு வருகிறது.

அதே திரையில் பிரேக் லைட் சுவிட்சையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். அழுத்தம் ஏறுகிறது, ஆனால் சுவிட்ச் ‘மிதிக்கவில்லை’ என்கிறது என்றால், இரண்டில் எது பொய் சொல்கிறது என்று யூனிட்டுக்குத் தெரியாது. ‘நம்பத்தகாத சிக்னல்’ என்று சென்சார் மேல் பழி விழுந்துவிடும். எங்கள் வீட்டுக் காரில் இரண்டு நாள் சென்சாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் ஸ்கூட்டரில் வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான், “உங்கள் பிரேக் லைட் எரியவே இல்லையே சார்” என்றார். மிதிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன சுவிட்சை மாற்றியதோடு முடிந்தது.

ஸ்கேனருக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: ஒயர் அறுந்ததா, சென்சார் செத்ததா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கேதான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஜெயிக்கிறது. சென்சார் வெளியே திருகியிருக்கும் வண்டிகளில் பொதுவாக மூன்று ஒயர்கள்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கால் படாதபோது சிக்னலில் ஏறத்தாழ 0.5 வோல்ட், அளவின் உச்சத்தில் 4.5 வோல்ட் என்பது வழக்கமான அமைப்பு. 250 பார் வரை அளக்கும் சென்சாரில் 50 பாருக்கு 1.3 வோல்ட் வர வேண்டும் என்று மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம். 5 வோல்ட்டே வந்து சேரவில்லை என்றால் சென்சாரைத் திட்டுவதில் பயனில்லை. சிக்னல் 5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் எர்த் ஒயரைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்திப் பார்ப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும்.

ஆனால் ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் சென்சார், பிரேக் ஆயில் ஓடும் ஏபிஎஸ் யூனிட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் சிக்னல் ஒயரைத் தொட வழியே இல்லை. அங்கே மல்டிமீட்டரால் பேட்டரி, யூனிட்டுக்கு வரும் மின்சாரம், எர்த், சுவிட்ச் ஆகியவற்றைத்தான் பார்க்க முடியும். மற்றதற்கு ஸ்கேனரைத்தான் நம்ப வேண்டும்.

கடைசி வழி, மாற்றிப் பார்ப்பது. வெளியே இருக்கும் சென்சாரை மாற்றினால் பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டும், பூஜ்ஜியப் புள்ளியையும் புதிதாகப் பதிய வேண்டும். உள்ளே இருப்பதென்றால் செலவு பல மடங்கு. காயலான் கடையில் கழற்றிய யூனிட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் அதே வயதுடையது, அதே நோய்க்கு வரிசையில் நிற்பது, உங்கள் வண்டிக்கு ஏற்றபடி கோடிங்கும் (ஸ்கேனர் வழியாக அமைப்புகளைப் பதிவதும்) செய்தாக வேண்டும். சொந்த யூனிட்டையே பழுதுபார்க்க அனுப்புவதுதான் என் தேர்வு. வண்டி சில நாள் நிற்கும், அவ்வளவுதான்.

அனுப்புவதற்கு முன் கோடை ஒருமுறை அழித்துப் பார்ப்பேன். சாவியைத் திருப்பியதும், மிதியைத் தொடும் முன்பே அது திரும்பி வந்தால், மின்சாரமும் எர்த்தும் சரியாக இருக்கும்பட்சத்தில் யூனிட்டைக் கழற்றலாம். வேகத்தடையில் குலுங்கிய பிறகுதான் வருகிறது என்றால் மறுபடி கனெக்டரிடம்தான் போவேன்.