குதிகால் வலிக்கு எம்.சி.ஆர். செருப்பு: 14 மாதங்கள் அணிந்த பின்

காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஆணி இறங்கியதைப் போன்ற வலி. இருபது அடி நடந்ததும் அது தணியும். பள்ளியில் ஐந்து பாடவேளை நின்று பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பும்போது மீண்டும் தொடங்கும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில் முள்போன்ற சிறு வளர்ச்சி தெரிந்தபோது, அறுவைச் சிகிச்சை வரை போகுமோ என்று அஞ்சினேன். எலும்பு மருத்துவரோ, வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும் என்றும், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாணைப் போலப் பாதத்தை இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த திசுப்பட்டை நைந்துபோனதே என் வலிக்குக் காரணம் என்றும் விளக்கினார். ஓய்வில் இறுகிவிடும் அந்தப் பட்டை முதல் அடியில் திடீரென இழுபடுவதால்தான் காலை வலி அவ்வளவு கடுமையாக இருக்கிறது. மாத்திரை அதிகம் தரவில்லை. பயிற்சி இரண்டையும் எம்.சி.ஆர். செருப்பையும் எழுதித் தந்தார்.

நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பர்தான் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்). தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காப்பதற்காக, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் பாதக் காலணிகளில் செய்த பணியோடு இணைந்தது இந்த ரப்பரின் வரலாறு. நம் ஊர் மருத்துவத்தில் பிறந்த அறிவு இன்று சாதாரணச் செருப்புக் கடை வரை வந்திருப்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் கடையில் எம்.சி.ஆர். என்று சொல்லித் தரப்படுவதெல்லாம் எம்.சி.ஆர். அல்ல. நான் முதலில் 280 ரூபாய்க்கு வாங்கிய இணை, கையில் எடுத்தபோது பஞ்சுபோல இருந்தாலும் இரண்டே மாதங்களில் குதிகால் படும் இடத்தில் தட்டையாகி, வலியும் பழையபடி திரும்பியது. அது வெறும் நுரைத்தட்டு. இரண்டாவது இணையை, பாதத்தை அளந்து செய்து தரும் ஒரு சிறு கடையில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே மென்மையான எம்.சி.ஆர். அடுக்கு, கீழே தேயாத கடின ரப்பர் அடுக்கு, பின்னால் வார். கட்டைவிரலால் அழுத்தினால் மேலடுக்கு அமுங்கி உடனே நிமிர்கிறது; வாங்குவோர் இந்த ஒரு சோதனையையாவது செய்து பார்க்க வேண்டும்.

செருப்பின் பயன் எனக்கு வெளியில் நடந்ததைவிட வீட்டுக்குள்தான் தெரிந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மொசைக் தரையிலும் கிரானைட் பதித்த சமையலறையிலும் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்பது நம் வழக்கம். வெளியில் எவ்வளவு நல்ல செருப்பு அணிந்தாலும் அந்த நேரமெல்லாம் குதிகால் கல்லில் இடிபட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கென்று தனி இணை வைத்துக்கொள்ள அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பூசை அறைக்குள் மட்டும் கொண்டு செல்வதில்லை என்று சொன்ன பிறகே இசைந்தார். அந்த மாற்றத்துக்குப் பின் மூன்றே வாரத்தில் மாலை வலி பாதியாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. செருப்பு கனமானது; மழையில் தோல்வார் ஊறினால் காய இரண்டு நாள் ஆகிறது; நனைந்த குளியலறைத் தரையில் வழுக்குகிறது. என் இணை முற்றிலும் தட்டையாக இருப்பதால் உள்வளைவுக்குத் தாங்கல் கிடைப்பதில்லை. தட்டைப்பாதம் உள்ளவர்கள் வளைவு வைத்துச் செய்யச் சொல்வது நல்லது. ஓராண்டுக்குள் மேலடுக்கு அமுங்கத் தொடங்கியது. பள்ளிக்கு அணியும் ஷூவுக்குள் சிலிகோன் குதிகால் மெத்தையையும் வைத்துப் பார்த்தேன். வியர்வையில் நழுவியதால் சில வாரங்களில் விட்டுவிட்டேன்.

முதல் கடைக்காரர் 'ஒரே மாதத்தில் வலி போய்விடும்' என்றார். அப்படிப் போகாது. செருப்பு சுமையைக் குறைக்கிறது. நைந்த பட்டை தேறுவதற்குப் பயிற்சி வேண்டும். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கும் காலை மறு தொடையின்மேல் வைத்து, கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. பிறகு சுவரில் கை ஊன்றி, பின்னங்காலை மடக்காமல் குதியைத் தரையில் பதித்துக் கெண்டைக்கால் தசையை நீட்ட வேண்டும். இந்தப் பயிற்சியை நான் விட்ட வாரங்களில் எந்தச் செருப்பும் உதவவில்லை. எனக்கு முழுமையாகக் குணமாக எட்டு மாதங்கள் ஆயின. பலருக்கும் அறுவைச் சிகிச்சையின்றியே தீரும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

எல்லாக் குதிகால் வலிக்கும் இந்தச் செருப்பு மருந்தல்ல. குதியின் பின்புறத்தில், கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் குதிநாண் சேரும் இடத்தில் வலித்தால் அது வேறு சிக்கல். எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். குதியை இரு பக்கமும் பிடித்து அழுத்தும்போது உயிர்போகும் வலி எழுந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளையாடும் வயதுப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வளரும் எலும்பின் வலி. இவர்களெல்லாம் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும்.

சூடேற்றிய செங்கல்லின் மேல் எருக்கிலையைப் பரப்பிக் குதியை வைக்கும் கைவைத்தியத்தை என் வீட்டிலும் சொன்னார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைவு. சூடு சுட்டாலும் தெரியாது என்பதால் அதை நான் அனுமதிக்கவில்லை. அதே சிறு கடையில் அவருக்கும், பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவெடுத்து, பின்வார் வைத்த ஓர் இணை செய்யக் கொடுத்திருக்கிறேன்.