கையெழுத்துப் போடுபவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர்: வீட்டு உரிமையாளர்கள் கவனத்துக்கு

சென்னையில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள்தான், வாடகைக்கு எடுத்த வீட்டை வேறொருவருக்கு லீசுக்கு விட்டு ஏமாற்றும் இந்த மோசடி வலையில் அதிகம் சிக்குகிறார்கள்.

'டூ-லெட்' விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் பேசுவார். கம்பெனி ஊழியர்கள் தங்க வீடு வேண்டும் என்பார். 18,000 கேட்டால் 20,000 தருவார். பெயின்ட், பிளம்பிங் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார். பேரமே பேசாத ஆள் வந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். மூன்று மாத அட்வான்ஸ் 60,000, பதினோரு மாத ஒப்பந்தம், சாவி கைமாறிவிடும்.

அடுத்த வாரமே அதே வீடு 'லீசுக்கு' என்று வேறொரு விளம்பரத்தில் வரும். 8 லட்சம் கொடுத்தால் 2 வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு குடும்பத்தைக் குடிவைப்பார். உங்களுக்கு 7 மாதம் வாடகை தவறாமல் வரும். அட்வான்ஸையும் சேர்த்து அவர் செலவு 2 லட்சம், மிச்சம் 6 லட்சம். எட்டாவது மாதம் போன் சுவிட்ச் ஆஃப்.

நேரில் போய்க் கதவைத் தட்டினால், "பணம் கொடுத்து வந்திருக்கோம், நீங்க யாருங்க?" என்ற கேள்விதான் வரும். அவர்களும் ஏமாந்தவர்களே. கரண்டை, தண்ணீரை நிறுத்தினால் தானே போய்விடுவார்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் அதை அனுமதிக்காது.

இத்தனைக்கும் வழிவிடுவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் உள்ள ஒரே வரி. அவர்களே டைப் செய்து கொண்டுவரும் ஆங்கில ஒப்பந்தத்தில், மூன்றாம் பக்கம் வாக்கில், வாடகைதாரர் தன் விருப்பப்படி பிறரைக் குடியமர்த்தலாம் என்று இருக்கும். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடக் கூடாது என்பது சட்டம். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் அதுவே எழுத்துபூர்வமான சம்மதமாகிவிடும். ஒப்பந்தத்தை நீங்கள் எழுதுங்கள். உள்வாடகை, லீஸ், போக்கியம் மூன்றும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதி, யார் யார் குடியிருப்பார்கள் என்பதையும் அதில் சேருங்கள். பராமரிப்புக்காக என்று சொல்லி 'பவர்' (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஜெராக்ஸ். கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது, ஈபி அட்டை ஆகியவற்றின் நகலைக் காட்டித்தான் லீஸ் குடும்பத்தை நம்ப வைக்கிறார்கள். வாடகைக்கு வருபவருக்குக் கிரயப் பத்திர நகல் எதற்கு? வரி ரசீது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், 'இன்னாருக்கு மாத வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுத்துகளின் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் எழுதினால் மறைத்துவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுப்பார்கள்.

ஆளைச் சரிபார்க்க ஆதார் நகலை வாங்கி வைப்பது மட்டும் போதாது. அட்டையில் உள்ள க்யூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். அட்டையில் படத்தை மாற்றி ஒட்டியிருந்தாலும் ஸ்கேனில் வருவது உண்மையான விவரம். கம்பெனி என்றால் அதன் பதிவு எண்ணான, 21 எழுத்து சிஐஎன் எண்ணைக் கேளுங்கள். அதில் டிஎன் போன்ற மாநிலக் குறியீட்டை அடுத்து வரும் 4 இலக்கம் பதிவான ஆண்டு. 'பதினைந்து வருடக் கம்பெனி' என்பவரின் எண்ணில் போன வருடம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். வாடகையும் கம்பெனிக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும், தனிநபரின் ஜிபேயிலிருந்து அல்ல. இப்போதைய வீட்டு ஓனரிடம் விசாரிப்பதைவிட அதற்கு முந்தைய ஓனரிடம் விசாரிப்பது நல்லது. ஆள் காலி செய்தால் போதும் என்றிருப்பவர் நல்லவிதமாகத்தானே சொல்வார்!

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். முதல் மாதத்துக்குள் ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு நேரில் போங்கள். "நீங்கள் யாருக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று உள்ளே இருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் லீஸ் குடும்பத்தோடு சண்டை போடாமல், அவர்களிடம் உள்ள ஒப்பந்தத்தையும் பணம் அனுப்பிய வங்கி விவரத்தையும் நகல் வாங்குங்கள். இரு தரப்பும் தனித்தனியாகப் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். மோசடிக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு. வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான மனு வாடகை நீதிமன்றத்தில் தனியாகப் போட வேண்டும். போலீஸ் புகார் அதற்கு ஈடாகாது.