மாமரமா, மல்லியா? குளிர்நாட்டு ஹைட்ரேஞ்சியாவில் எதை நம்பலாம்

தங்கை அமெரிக்காவின் மினியாபொலிஸில் இருக்கிறாள், நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அவள் வீட்டுக் கொல்லையில் பனி முழங்கால் அளவு கிடக்கும் மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இப்படிப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் ஒரே செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஹைட்ரேஞ்சியா. ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: நீலமும் இளஞ்சிவப்புமாகக் குழந்தையின் தலை அளவுக்குப் பந்து பந்தாகப் பூத்துக் கிடக்கும். எங்கள் ஊரில் பிரான்ஸ் போய் வந்த பெரியவர்கள் இதை ஒர்த்தான்சியா என்பார்கள்.

"அண்ணா, செடி இடுப்பு உயரம் வளர்ந்திருக்கு. இலை வெத்தலை மாதிரி பளபளன்னு இருக்கு. பூ மட்டும் இல்ல. அட்டையில கோடை முழுக்கப் பூக்கும்னு போட்டிருந்தானே!"

இதற்குப் பதில் சொல்ல மாமரமும் மல்லிகையும் தெரிந்திருந்தால் போதும். குண்டுமல்லியை நம் பக்கத்தில் கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்கிறோம். பங்குனியில் புதுத் துளிரில் மொட்டு வைக்கிறது. துளிர் எவ்வளவோ, பூவும் அவ்வளவு. மாமரத்தின் கணக்கு வேறு. முதிர்ந்த கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வரும். கார்த்திகையில் யாராவது நுனியைக் கழித்துவிட்டால் அந்தக் கிளையில் அந்த வருடம் மாங்காய் பார்க்க முடியாது.

ஹைட்ரேஞ்சியாவில் பல இனம் உண்டு. ஊட்டியிலும் தங்கை கொல்லையிலும் நிற்கும் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா மாமர ஜாதி. பூர்வீகம் ஜப்பானின் கடலோரம். கோடை முடியும்போதே தண்டின் நுனியில் அடுத்த வருடத்துப் பூமொட்டைக் கட்டி, செதிலுக்குள் மூடி வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடக்கும். கடற்காற்று குளிரைத் தணிக்கும் ஊர்களில் இது பிழைக்கும். பிரான்சின் மேற்கே பிரிட்டனிப் பக்கம் வேலியோரமெல்லாம் இந்தச் செடிதான், யாரும் பெரிதாகக் கவனிப்பதுகூட இல்லை. மினியாபொலிஸ் நடுநிலத்து ஊர். ஜனவரி இரவு மைனஸ் 25 வரை போகும். வேர் பிழைக்கும், நுனிமொட்டு கருகும். வசந்தத்தில் அடித்தூரிலிருந்து புதிதாகக் கிளம்பி, பூவே இல்லாமல் பச்சைப் புதராக நிற்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கத்தில் எங்கள் மாமாவின் முந்திரித் தோப்பும் சாய்ந்தது. அடுத்த சில மாதத்திலேயே அடிமரத்தில் துளிர்விட்டுத் தோப்பு பச்சையாகிவிட்டது. கொட்டை பொறுக்கத்தான் வருடங்கள் ஆயின. "மாமா தோப்பு ஞாபகம் இருக்கா? அதுதான் உன் கொல்லையில வருஷா வருஷம் நடக்குது" என்றதும் தங்கைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அவள் செய்த தப்பும் ஒன்று உண்டு. முதல் வருடம் அக்டோபரில், நம் ஊர்க் கைப்பழக்கத்தில், செடியை ஒட்ட வெட்டிவிட்டாள். குளிருக்கு அங்கே வேலையே வைக்கவில்லை.

சரி, இனி எதை நடுவது? அவள் முன்னால் இருந்த வழிகளை வரிசையாகப் பேசினோம்.

பழைய ரகங்களை முதலில் தள்ளினோம். நிக்கோ ப்ளூ என்று ஒரு நீல ரகம் அமெரிக்கா முழுக்கப் பிரபலம். அழகில் குறை இல்லை. ஆனால் பழைய தண்டில் மட்டும்தான் பூக்கும். நுனி போனால் அந்த வருடம் போனதுதான். மே மாதத்தில் அன்னையர் தினத்துக்காகப் பளபளக் காகிதம் சுற்றிக் கடையில் விற்கும் தொட்டிச் செடிகளை அதற்கும் கீழே வைப்பேன். அவை கண்ணாடிக் கூடத்தில் சூடு கொடுத்துப் பூக்க வைக்கப்பட்டவை. பூ வாடியதும் தரையில் நட்டுவிட்டு அடுத்த வருடம் எதிர்பார்ப்பது, பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்தை நட்டு அறுவடைக்குக் காத்திருப்பது மாதிரி.

அப்புறம் வருவதுதான் முக்கியமான போட்டி, மறுபடி பூக்கும் ரகங்கள். இவை பழைய தண்டிலும் பூக்கும், அதே வருடத்துப் புதுத் துளிரிலும் பூக்கும். மாமரமும் மல்லியும் ஒரே உடம்பில் இருப்பது போல. இதில் பெயர் வாங்கியது எண்ட்லெஸ் சம்மர். தங்கை நட்டிருந்த நான்கு செடியும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், அது என் தங்கை இருக்கும் மினசோட்டா மாநிலத்திலேயே கண்டெடுக்கப்பட்ட செடி. பெய்லி நர்சரியின் வயலில் நின்ற அதை 1998-இல் மைக்கேல் டர் என்ற தாவரவியலாளர் கவனித்தார். கடும் குளிருக்குப் பிறகும் அது பூத்திருந்தது. 2004-இல் விற்பனைக்கு வந்தது. பழைய ரகங்களில் ஏமாந்துபோன குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அட்டையில் போட்டிருக்கும் கோடை யாருடைய கோடை என்று கேட்க வேண்டும். ஜார்ஜியா மாதிரித் தென்மாநிலத்தில் பழைய தண்டு பிழைத்து ஜூனில் ஒரு ஈடு பூக்கும், பிறகு புதுத் துளிரில் இரண்டாவது ஈடு வரும். மினியாபொலிஸில் பழைய தண்டு பெரும்பாலும் செத்துவிடுவதால் முதல் ஈடு கிடையாது. மே நடுவில் தரையிலிருந்து கிளம்பும் துளிர் உயர்ந்து, முற்றி, மொட்டு கட்டி விரிய ஆகஸ்ட் ஆகிவிடும். அக்டோபரில் உறைபனி வந்து கதவைச் சாத்திவிடும். இரண்டாவது வருடம் கவாத்தே செய்யாமல் விட்டுப் பார்த்தாள். ஆகஸ்ட் பதினைந்து வாக்கில் நான்கு செடியிலுமாக மூன்றே மூன்று பூ.

அதனால் மறுபடி பூக்கும் தன்மையைப் பயிர்க் காப்பீடு மாதிரித்தான் பார்க்கிறேன். மொத்தமாகக் கைவிடாது. முழு விளைச்சலையும் தராது. முழு விளைச்சல் வேண்டுமென்றால் இந்த ரகத்திலும் பழைய தண்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது வருடம் காப்பாற்றினாள். நவம்பரில் தரை இறுகும் சமயம் செடியைச் சுற்றிக் கோழிவலையை வட்டமாக நிறுத்தி, உள்ளே உதிர்ந்த ஓக் இலைகளைத் தண்டு நுனி மூழ்கும்வரை நிரப்பினாள். மேப்பிள் இலை நனைந்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்கிறதாம், ஓக் இலைதான் காற்றுப் புக இடம் விட்டு நிற்கிறது என்கிறாள். வலையால் இன்னொரு லாபம், குளிர்காலத்தில் முயல் தண்டைக் கடிக்க முடியவில்லை. மேலே பனி மூடிக்கொண்டால் அதுவும் ஒரு போர்வை. ஏப்ரல் கடைசியில் நாலு நாள் வெயில் அடித்ததும் ஆசை தாங்காமல் மூன்று கூண்டைப் பிரித்துவிட்டாள். மே முதல் வாரம் ஒரே ஒரு இரவு உறைபனி. அதுவரை பிழைத்திருந்த மொட்டுகள் அந்த ஒரு ராத்திரியில் கருகின. பிரிக்காமல் விட்டிருந்த நான்காவது செடியில் மட்டும் ஜூன் கடைசியில் ஒன்பது பூ. ஒரே கொல்லையில், ஒரே ரகத்தில் இவ்வளவு வித்தியாசம்! இதைவிடத் தெளிவான பரிசோதனையை நாங்கள் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

எண்ட்லெஸ் சம்மர் பெயரிலேயே பிறகு வந்த ப்ளூம்ஸ்ட்ரக்கை முதல் ரகத்துடன் ஒப்பிட்டால் எனக்கு ப்ளூம்ஸ்ட்ரக்தான் பிடிக்கிறது. தண்டு சிவந்து உறுதியாக இருக்கும், மழையில் பூவின் பாரத்துக்குச் சாய்வது குறைவு. குளிரை இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தாங்குகின்றன, அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ட்விஸ்ட் அண்ட் ஷவுட் அதே குடும்பம்தான், ஆனால் பந்துப் பூ இல்லை. நடுவில் சிறு மொட்டுகள், ஓரத்தில் மட்டும் விரிந்த இதழ்கள் என்று தட்டு மாதிரி பூக்கும். தங்கைக்குப் பந்துதான் வேண்டும் என்பதால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

உண்மையில் யோசிக்க வைத்தது மலை ஹைட்ரேஞ்சியா. ஜப்பான், கொரியா மலைப்பகுதிச் செடி. கடலோரத்து உறவினரைவிட இதன் மொட்டு குளிருக்கு ஈடுகொடுக்கும். டஃப் ஸ்டஃப் இந்த இனத்தில் வந்த மறுபடி பூக்கும் ரகம். பூ சிறியது, செடியும் அடக்கமானது. இரண்டு இனத்தையும் கலந்து உண்டாக்கியது லெட்ஸ் டான்ஸ் வரிசையில் உள்ள கேன் டூ. இதன் சிறப்பு, நுனியில் மட்டுமல்லாமல் தண்டின் நெடுகிலும் கணுக்களில் பூமொட்டு வைப்பது. நுனி கருகினாலும் கீழே உள்ள கணு பூக்கும். மாமரத்துக்குக் கிளை நெடுகப் பூ வந்தால் எப்படி இருக்கும்! புதிதாக வாங்குபவர் பெரிய பந்துப் பூவுக்குப் பிடிவாதம் பிடிக்காதவரென்றால், குளிர் ஊரில் எண்ட்லெஸ் சம்மருக்கு முன்னால் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

தொட்டியில் வளர்த்துக் குளிர்காலத்தில் சூடாக்காத கராஜுக்குள் தள்ளிவிடுவது இன்னொரு வழி. பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே, இருட்டில், மாதம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் விட்டால் தூங்கிக் கிடக்கும். மொட்டு நிச்சயம் பிழைக்கும். ஆனால் மே மாதம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று தொட்டியோடு உற்சவ மூர்த்திப் புறப்பாடு நடத்த வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சரணாகதி வழி: பெரிய இலையை விட்டுவிட்டு, உண்மையான மல்லி ஜாதி ஹைட்ரேஞ்சியாவுக்குப் போவது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் அன்னா என்ற ஊர்ப்பக்கம் காட்டில் கண்டெடுத்த அன்னபெல்லும், கூம்பு கூம்பாகப் பூக்கும் லைம்லைட்டும் புதுத் துளிரில்தான் பூக்கும். கூண்டும் வேண்டாம், இலைக் குப்பையும் வேண்டாம். குளிர்காலக் கடைசியில் மல்லியை வெட்டுவது போல வெட்டிவிட்டால் போதும், வருடம் தவறாது. அன்னபெல் மழை பெய்தால் தலை கவிழ்ந்துவிடும். லைம்லைட் நிமிர்ந்து நிற்கும், வெயிலும் தாங்கும். பச்சை கலந்த வெள்ளையில் தொடங்கி இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பாகும். குறை ஒன்றுதான்: இரண்டிலும் நீலம் கிடையாது. மண்ணை என்ன செய்தாலும் நீலம் வராது.

தங்கைக்கு நீலம்தான் உயிர். பெரிய இலையிலும் மலை இனத்திலும்தான் மண்ணைப் பொறுத்து நிறம் மாறும். மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியத்தை வேர் உறிஞ்சிப் பூ நீலமாகும். மண்ணின் கார அமில அளவு (pH) 5.5-க்குக் கீழே நீலம், 6.5-க்கு மேலே இளஞ்சிவப்பு, நடுவில் இரண்டுங்கெட்டான் ஊதா. கடையில் இதற்கென்று அலுமினியம் சல்பேட் விற்கிறார்கள். அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "படிகாரத்தைக் கரைச்சு ஊத்தச் சொல்லேன்" என்றார். சிரித்தேன். பிறகு யோசித்தால் படிகாரமும் அலுமினிய உப்புதானே! அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் அதையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதிகம் ஊற்றினால் வேர் கெடும் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன். வெள்ளைப் பூ ரகத்துக்கு எதை ஊற்றினாலும் வெள்ளைதான்.

உரத்தில் ஒரு வார்த்தை. பக்கத்துப் புல்தரைக்குப் போடும் தழைச்சத்து வழிந்து வந்தாலே செடி இலையாகக் கொழுத்துப் பூவை மறந்துவிடும். ஜூலைக்குப் பிறகு எந்த உரமும் வேண்டாம். காலை வெயில், மதியம் நிழல். மதியத்தில் இலை துவண்டால் உடனே குழாயைத் திறக்க வேண்டியதில்லை, மண்ணைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிர்ந்துகொள்ளும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஊட்டியிலிருந்து ஒரு தொட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு போர்த் தண்ணீரின் உப்புக்கு இலை மஞ்சளித்தது, அக்னி நட்சத்திரம் பாதியில் செடியே போய்விட்டது. பிழைத்திருந்தாலும் பயனில்லை. மொட்டு கட்ட இதற்குப் பல வாரம் 18 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். நம் மார்கழி விடியற்காலை 20-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. தங்கைக்குக் குளிர் அதிகம், எனக்குப் போதவில்லை. அந்தத் தொட்டியில் இப்போது இட்லிப்பூ இருக்கிறது. உருண்டைக் கொத்துதான், அதற்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும், வருடத்துக்குப் பத்து மாதம் பூக்கிறது, அம்மா பறித்துச் சாமிக்கும் வைக்கிறார்.

தங்கையின் முடிவு இது. வீட்டு முன்பக்கம், கூண்டு கட்டினால் அசிங்கமாகத் தெரியும் இடத்தில், மூன்று லைம்லைட். கிழக்குச் சுவரோரம், வடகாற்று படாத மூலையில், பழைய எண்ட்லெஸ் சம்மரில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு கேன் டூ. மிச்சம் இரண்டை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள், கவாத்து செய்யாதீர்கள் என்று சொல்லி. கூண்டை மே 15-க்கு முன் தொடக்கூடாது என்று சமையலறை நாள்காட்டியில் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாள். அவள் ஆசை எனக்குத் தெரியும் என்பதால் ஏப்ரல் கடைசி ஞாயிறுக்கு என் போனிலும் ஒரு அலாரம் வைத்திருக்கிறேன்.