8×42 பைனாகுலர்: மெக்ரிச்சியில் ஒத்திகை, மிசூரியில் அணில் வேட்டை

"பறவை பார்க்கவா அங்கிள்?" என்றான் கடைப் பையன். "இல்லை, அணில்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். அணில் பார்க்க 430 சிங்கப்பூர் வெள்ளி செலவழிக்க வந்த ஆள் அவனுக்கு நான்தான் முதல் போலிருக்கிறது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே அணில் ஓடுகிறது, அதற்கு எதற்குப் பைனாகுலர்?

விஷயம் இதுதான். வருகிற அக்டோபரில் அமெரிக்கா போகிறேன், மிசூரி மாநிலத்துக்கு. அக்காவும் அத்தானும் செயின்ட் லூயிஸில் இருக்கிறார்கள். அத்தான் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தெற்கே ஓசார்க் மலைக்காட்டுக்கு அணில் வேட்டைக்குப் போகிறவர். பத்து வருடமாக "வா மச்சான், ஒரு தடவை வந்து பார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் வேலை, சேர்ந்தாற்போல மூன்று வாரம் லீவு எங்கே கிடைக்கும்? இந்த மார்ச்சில் ஓய்வு பெற்றேன். ஏப்ரலில் பைனாகுலர் வாங்கினேன். டிக்கெட் அதற்கப்புறம்தான்.

வீட்டில் மனைவிக்கு ஒரே கேள்வி: "இராமர் முதுகைத் தடவிக்கொடுத்த அணிலையா சுடப் போகிறீர்கள்?" அந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது, இராமர் அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அங்கே இதெல்லாம் சட்டப்படி நடக்கிற காரியம். மே மாத நான்காம் சனிக்கிழமையில் தொடங்கி பிப்ரவரி 15 வரை அணில் பருவம். சாம்பல் அணில், நரி அணில் என்று இரண்டு ஜாதி, இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குப் பத்து. வெளியூர்க்காரனும் பணம் கட்டி அனுமதி எடுக்கலாம். 1967 ஜனவரி 1-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் தேவையில்லை என்று ஒரு விதி. நான் 1966. வயதானதால் கிடைத்த சலுகைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். சிங்கப்பூரிலோ அணிலைப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், தீனி போட்டால்கூட 5,000 வெள்ளி வரை அபராதம். ஆக இங்கே பார்க்க மட்டும்தான் முடியும். அந்தப் பார்க்கிற வேலையையாவது பழகிக்கொண்டு போவோமே என்றுதான் இதை வாங்கினேன்.

துப்பாக்கி மேலேயே தொலைநோக்கி இருக்குமே, தனியாக ஒன்று எதற்கு என்று நானும்தான் கேட்டேன். அத்தானுக்குப் போனிலேயே கோபம் வந்துவிட்டது. துப்பாக்கியின் தொலைநோக்கியால் எதையாவது தேடினால், துப்பாக்கியின் வாயும் அங்கேதான் நீள்கிறது. புதருக்குள் அசைவது அணில் என்று நினைத்து இன்னொரு வேட்டைக்காரரைக் குறிபார்த்துக்கொண்டிருக்கலாம். தேடுவது பைனாகுலரால், துப்பாக்கியைத் தூக்குவது எல்லாம் உறுதியான பிறகு. நாற்பது வயது வரை ரிசர்விஸ்ட் படைப்பயிற்சிக்குப் போய் எம் 16 துப்பாக்கி சுட்டவன் நான், எனக்கே இது உறைக்கவில்லை. அத்தானிடம் இருப்பது பாயிண்ட் டூ-டூ ரைஃபிள். தோட்டா சுண்டுவிரல் நுனியளவுதான், ஆனால் ஒரு மைலுக்கு மேல் போகும். அதனால் வானம் பின்னணியாகத் தெரியும் கிளையில் அணில் உட்கார்ந்திருந்தால் சுடக் கூடாது. பின்னால் தடித்த மரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் பைனாகுலர்தான்.

பிராண்ட் பெயர் எழுதவில்லை. இதே அளவில், ஏறக்குறைய இதே விலையில் ஐந்தாறு கம்பெனிகள் விற்கின்றன. நான் சொல்லப்போகும் நல்லது கெட்டதில் பாதி அளவைப் பொறுத்தது.

கோல்மன் ஸ்திரீட் பக்கம் கேமரா கடைகளில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன். பையன் 10×42-ஐத்தான் கையில் திணித்தான். "பவர் அதிகம் அங்கிள்." வாங்கி எதிர்ச் சுவரில் இருந்த விலைப் பட்டியலைப் பார்த்தேன். எழுத்து பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் ஆடியது. பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு. முப்பது வருடம் வெல்டிங் பார்த்த கை இது. எட்டு மடங்கில் ஆட்டம் கட்டுக்குள் இருக்கிறது, பார்வைப் பரப்பும் அகலம். இலைக்கூட்டத்துக்குள் தாவுகிற பிராணியைத் தேட அகலம்தான் முக்கியம்.

அடுத்தது 42. முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதை எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இளவயதில் நம் கண்மணி இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், அறுபதை நெருங்கும்போது ஐந்து விரிந்தாலே அதிகம். ஆக 42-க்கு மேல் போனால் என் கண்ணுக்கு வீண். சட்டைப்பைக்குள் போகும் 8×25 என்றால் மூன்று மில்லிமீட்டர்தான், விடிகாலையில் பற்றாது. அணில் சுறுசுறுப்பாக இருப்பதோ விடிந்து முதல் இரண்டு மூன்று மணி நேரம். என்னைப்போல மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் தூரம் எவ்வளவு என்று, அதாவது கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்று, கேட்டு வாங்குங்கள். இதில் 17 மில்லிமீட்டர். கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறது.

இப்போது ஒத்திகைக்கு வருகிறேன். நாலு மாதமாக வாரம் இரண்டு நாள் மெக்ரிச்சி நீர்த்தேக்கம். நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. 7.10-க்குக் காட்டுக்குள் இருந்தால் மரத்தடியில் இன்னும் பாதி இருட்டு. செம்பெராய் பாதையில், தண்ணீரை ஒட்டிய மரப்பலகை நடைபாதையில் ஓர் இடம் பிடித்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிளை கிளையாகத் துழாவினேன். கழுத்து வலிதான் மிச்சம்.

அத்தானிடம் சொன்னபோது சிரித்தார். "முதலில் காதைத் தீட்டு மச்சான், கண் அப்புறம்." மிசூரியில் ஹிக்கரி என்று ஒரு மரம். அதன் காய்க்கு ஓடு கல் மாதிரி. அணில் மேலே உட்கார்ந்து அதைக் கொறிக்கும்போது ஓட்டுத் துணுக்குகள் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த சருகின் மேல் தூறல் விழுகிற சத்தம். வானம் வெளுத்திருக்கிறது, ஒரு மரத்தடியில் மட்டும் தூறுகிறது என்றால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் பைனாகுலர். தேடுவதும் முழு அணிலை அல்ல. கிளையின் நேர்கோட்டில் ஒரு புடைப்பு, காது நுனி, காற்றில் அசைகிற வால் மயிர். அது ஆளைக் கண்டுகொண்டால் மரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் சருகை மிதித்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். அது அவருக்கு ஒளிந்து, நிற்பவரின் பக்கம் வரும். அத்தானுக்கு அந்த இரண்டாவது ஆள் நான்.

மூன்றாவது வாரம் பைனாகுலரைக் கழுத்திலேயே தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பூச்சிகளின் இரைச்சல், தூரத்தில் நெடுஞ்சாலை. பத்து நிமிடம் போயிருக்கும். பலகையின் மேல் டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். குனிந்து பார்த்தால் பல் பட்ட பழத்தோல், ஈரமாக. சத்தம் விழுந்த இடத்துக்கு நேர்மேலே பைனாகுலரைத் தூக்கினேன். இருபது மீட்டர் உயரத்தில், கிளைக்கவட்டில் வாழை அணில். வெறுங்கண்ணுக்கு அது வெறும் கரிய திட்டு. இதில் பார்த்தால் செங்கல் நிற வயிறு, விலாவில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடு, பழத்தை உருட்டுகிற முன்கால் விரல்கள். மீசை மயிரை எண்ணலாம் போல இருந்தது. 430 வெள்ளி அந்த நிமிடமே கணக்கில் நேராகிவிட்டது.

இன்னொரு நாள், புக்கிட் தீமாவில், "அணில்" என்று பத்து நிமிடம் துரத்தியதன் மூஞ்சி எலி மாதிரி கூராக நீண்டிருந்தது. மர மூஞ்சூறு. மலாய்க்காரர்கள் இரண்டையும் 'துப்பாய்' என்றுதான் சொல்வார்கள், நான் ஏமாந்ததில் வியப்பில்லை. அதே காட்டில் பூனையளவு பெரிய அணில் ஒன்றும் இருந்ததாம், 1990-களுக்குப் பிறகு காணவில்லை. சின்ன வயதில் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் ரம்புத்தான் மரத்து அணில்களை உண்டிவில்லால் அடித்துத் திரிந்தவன் நான். அடித்தேன் என்றால் குறிபார்த்தேன். பட்டது ஒன்றே ஒன்று. அப்பாவிடம் வாங்கிய அடிதான் அதைவிட நன்றாக நினைவிருக்கிறது.

சரி, குறைகள். கூட வந்த கழுத்துப்பட்டை சுத்த மோசம். 650 கிராம் எடை, நாடாக் கனத்தில் பட்டை, ஒரு மணி நேரத்தில் பிடரி எரிகிறது. பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் தோளில் மாட்டும் வார் ஒன்று வாங்கிப் போட்ட பிறகு எடையே தெரியவில்லை. முன்பக்க மூடிகள் லூசு. ஒன்று பெத்தாய் பாதையில் தண்ணீருக்குள் போய்விட்டது. வலக்கண்ணைத் தனியாகச் சரிசெய்யும் வளையத்துக்குப் பூட்டு இல்லை. பையில் போட்டு எடுத்தாலே நகர்ந்துவிடுகிறது. ஒரு காலை முழுக்க, கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று நினைத்துக் கவலைப்பட்டேன், வளையம் திரும்பியிருந்ததுதான் காரணம். இப்போது ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். இவ்வளவு விலைக்கு ரப்பர் பேண்ட் போட வைப்பது அநியாயம்.

ஃபோகஸ் சக்கரமும் மெதுவாகத்தான் சுழல்கிறது. பக்கத்து மரத்திலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி அணில் தாவினால், நான் சுற்றி முடிப்பதற்குள் அது போயே போய்விடும். விளிம்பில் படம் லேசாகக் கலங்குகிறது, அது எனக்குப் பொருட்டில்லை.

மழைக்கு அஞ்ச வேண்டாம். உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் உட்புறம் ஆவி படியாது. ஆனால் ஏர்கான் அறையில் இரவு வைத்துவிட்டு காலையில் வெளியே எடுத்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் பால் மாதிரி மூடிக்கொள்கிறது. எம்ஆர்டி ரயிலில் போனாலும் அதே கதை. இறங்கிப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், சட்டை நுனியால் துடைத்துக் கீறல் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குப் பூஞ்சை பிடிப்பது இன்னும் பெரிய ஆபத்து. ஈரத்தை இழுத்துவிடும் டிரை கேபினட் அலமாரி இருந்தால் நல்லது. எனக்கு இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். டப்பா சமையலறையிலிருந்து எடுத்தது, அதற்கும் வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. மெக்ரிச்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் பெஞ்சில் வைக்காதீர்கள். அங்கே குரங்குகள் பையையே பறிக்கும்.

ஓசார்க் குளிர் இதை என்ன செய்யும் என்பது போனால்தான் தெரியும். அக்டோபர் காலையில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் என்கிறார் அத்தான். கையுறை போட்டு ஃபோகஸ் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், பிடி கிடைக்கிறது. ஹாலில் கம்பளிக் கையுறையோடு எதிர் புளோக்கை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன வாரம் அத்தான் போட்டோ அனுப்பினார். ஹிக்கரியில் காய் கொத்துக்கொத்தாக. நாங்கள் போகிற நேரம் வெள்ளை ஓக் மரமும் கொட்டை உதிர்க்கும். அணில் வெள்ளை ஓக் கொட்டையை உடனே தின்றுவிடும், ஏனென்றால் அது இலையுதிர் காலத்திலேயே முளைவிடும், புதைத்து வைத்தால் கெட்டுப்போகும். சிவப்பு ஓக் கொட்டையில் துவர்ப்பு அதிகம், முளைப்பதும் வசந்தத்தில்தான், அதனால் அதைப் புதைத்து வைக்கும். எந்த மரத்தடியில் உட்காருவது என்று அத்தான் இதை வைத்துத்தான் முடிவு செய்வாராம். அக்கா கேட்டது தேக்காவிலிருந்து மிளகுத்தூளும் சோம்பும். வறுவலுக்கு நாட்டுக்கோழி மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் கூட வேக வேண்டும் என்றாள்.

யாருக்கு இது ஏற்றது? காட்டுக்குள், குறைந்த வெளிச்சத்தில், ஐம்பது மீட்டருக்குள் பார்க்கிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். கடற்கரையில் தூரத்துக் கப்பல் பார்க்க என்றால் வேண்டாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம், குறைத்த அந்த ஒன்று ரப்பர் பேண்டுக்கு.

இதற்கிடையில் வீட்டு அம்மாவுக்கு இதில் ருசி வந்துவிட்டது. எதிர் புளோக் மாடிக்கு இருவாய்ச்சி ஜோடி ஒன்று வருகிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு பைனாகுலர் அவள் கையில். நேற்று மெல்லக் கேட்டாள்: "இதை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் என்ன? அத்தானிடம் ஒன்று இருக்குமே."

இருக்கிறது, கேட்டுப் பார்த்தேன். பழைய 10×50, ஒரு கிலோவாம். இதைத்தான் எடுத்துப் போகிறேன்.