கறுப்பு பார்டரைத் தாண்டாத ரோபோ: குன்னூர் வீட்டில் மூன்று வருட அனுபவம்

கொடைக்கானலில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, நீங்க வச்சிருக்கிற அந்த ரோபோ வேக்யூம் இப்ப ஏழாயிரம் குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" என்றாள். அன்றைக்குத்தான் அது கோயம்புத்தூரில் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தது, 4,600 ரூபாய் பில் மேஜைமேல் கிடந்தது. அந்தச் சூட்டில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. மூன்று வருடமாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் இதைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், அவளும் படிக்கட்டும்.

2022 தீபாவளி சமயத்து ஆஃபரில் வாங்கியது. மேலே லேசர் சுற்றும் கோபுரம், 4,000 பாஸ்கல் உறிஞ்சல், 5,200 எம்ஏஎச் பேட்டரி, கீழே ஈரத்துணி மாட்டும் வசதி. அப்போது அந்த விலைக்கு வந்த மாடல்களில் பெரும்பாலும் இதேதான் இருந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டில் எட்டுப் பேர்: அத்தை, நாங்கள் இரண்டு பேர், கொழுந்தனார், ஓரகத்தி, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று பிள்ளைகள். கூடவே ஒரு நாய். எல்லோரும் கம்பளி போடுகிற ஊர் என்பதால் தரையில் எப்போதும் பஞ்சு பஞ்சாக உருண்டுகொண்டிருக்கும். அதோடு நாய் முடி, எங்கள் தலைமுடி, தோட்டத்துச் செம்மண். எல்லாவற்றுக்கும் மேலே வர்க்கி. ஊட்டி வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிடுகிற வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கடி கடித்தால் மடியில் பாதி, தரையில் பாதி. எங்கள் வீட்டில் சாயங்காலம் எட்டுப் பேரும் அதைத்தான் சாப்பிடுகிறோம்.

வர்க்கித் தூள் விஷயத்தில் முதல் வாரமே கோபம் வந்தது. பக்கவாட்டில் சுற்றும் பிரஷ் தூளை உள்ளே தள்ளாமல் சுவர்வரை விசிறியடித்தது. அப்புறம்தான் கவனித்தேன், அதே இடத்துக்கு இரண்டாவது முறை வரும்போது விசிறியடித்ததையும் எடுத்துவிடுகிறது. சாப்பாட்டு மேஜைப் பகுதிக்கு மட்டும் இரண்டு சுற்று என்று ஆப்பில் மாற்றி வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. சோபாவுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், விளக்குமாறு போகாத இடத்திலெல்லாம் அது போகிறது. தூசிப் பெட்டியைத் திறந்தால் தினமும் ஒரு கைப்பிடி. முதல் மாதம் அதைப் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் இதன்மேலா நடந்தோம், பிள்ளைகள் இதன்மேலா தவழ்ந்தார்கள் என்று எனக்கு மனசே சரியில்லை. நான் எதிர்பார்க்காத ஒரு நல்லதும் நடந்தது. காலையில் பத்தேகாலுக்கு மிஷின் கிளம்பும், அதற்குள் சாக்ஸ், ஷூ லேஸ், பென்சில் எல்லாம் தரையை விட்டுப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. நான் வருடக்கணக்காகக் கத்தியும் நடக்காதது அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மிஷினை நான் வாங்கியது ஹாலுக்காக இல்லை, அத்தையின் அறைக்காக. அவருக்கு வீசிங் உண்டு. அக்டோபர் மழை பிடித்தால் எங்கள் பக்கம் டிசம்பர்வரை ஈரம்தான். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூன், ஜூலையில் பெய்கிற மழை பெரிசு என்றால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிசு. அந்த ஈரத்தில் கம்பளி, மெத்தை, கட்டிலுக்கு அடியில் சேரும் தூசி எல்லாம் அவருக்கு ஆகாது. குனிந்து பெருக்க அவரால் முடியாது. நாங்கள் பெருக்கினால் கிளம்புகிற தூசியிலேயே இருமல் வந்துவிடும். தூசியைக் கிளப்பாமல், கட்டிலுக்கு அடியில் தானே போய்ச் சுத்தம் செய்கிற ஒன்று வேண்டும் என்றுதான் 28,000 ரூபாய் கொடுத்தோம்.

அந்த ஓர் அறைக்குள் மட்டும் அது போவதில்லை.

மற்ற அறைகளுக்கெல்லாம் 2016-இல் டைல்ஸ் போட்டோம். அத்தை தன் அறையைத் தொடவிடவில்லை. அது மாமா நின்று போடவைத்த சிவப்புக் காவித் தரை, சுற்றிலும் அரை அடி அகலத்துக்குக் கறுப்பு பார்டர். வாசலிலும் அந்தக் கறுப்புப் பட்டை குறுக்கே ஓடுகிறது. சிமெண்டில் காவிப் பொடி கலந்து, கொத்தனார் முட்டி போட்டு உட்கார்ந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்து எடுத்த தரை. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம், முகம் தெரியும்.

மிஷின் அந்த வாசலுக்கு வருவதை நான் எத்தனையோ முறை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நேராக வரும். முன் விளிம்பு கறுப்பைத் தொட்டதும் சட்டென்று நிற்கும். இரண்டு அங்குலம் பின்னால் போகும், கொஞ்சம் திரும்பும், நாலு விரல் தள்ளி மறுபடி வரும், மறுபடி நிற்கும். நிலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை இப்படி ஐந்தாறு தடவை. அப்புறம் போய்விடும். ஆப்பில் வரையும் மேப்பில் அத்தையின் அறையே கிடையாது, அங்கே வீடு முடிந்துபோனது போல ஒரு கோடு.

தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விட்டுப் பார்த்தேன். நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் சுத்தம் செய்தது. சுவரோரத்து அரை அடிப் பட்டையை விட்டுவிட்டது, தூசி முழுக்க அங்கேதான் சேர்கிறது. வேலை முடிந்ததும் சார்ஜருக்குத் திரும்ப வழி தெரியாமல் நடுவில் நின்று, சென்சாரைத் துடைக்கச் சொல்லிப் பேசியது. நானும் துடைத்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, நாலு மாதம் துடைத்தேன், எங்கள் ஊர்ப் பனி உள்ளே இறங்கிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு.

காரணம் வேறு என்று அப்புறம்தான் புரிந்தது. அடிப்பாகத்தில் விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னக் கண்ணாடிகள் இருக்கும். அவை தரையைப் பார்த்து அகச்சிவப்பு ஒளி அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பி வந்தால் கீழே தரை இருக்கிறது என்று அர்த்தம், வராவிட்டால் பள்ளம் அல்லது படி, உடனே நில். படியில் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. மிச்சம் மீதியையும் எண்ணெய் போட்ட பளபளப்பு வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. எங்கள் பார்டர் அதற்குக் கிணறு மாதிரித் தெரிகிறது. சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளைத்தாளைப் பட்டையின்மேல் வைத்தேன். நின்று யோசிக்காமல் தாளின்மேல் ஏறி உள்ளே போனது, போகிற போக்கில் தாளையும் இழுத்துப் பிரஷ்ஷில் சுருட்டிக்கொண்டது.

அந்தக் கண்ணாடிகளின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிடு, எதைப் பார்த்தாலும் தரை என்று நம்பிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். சமவெளி வீட்டில் செய்யலாம். மலையில் பல வீடுகளை மேடு பள்ளத்தை அப்படியே வைத்துத்தான் கட்டுகிறார்கள். எங்கள் ஹாலிலிருந்து சமையலறைக்கு மூன்று படி இறங்க வேண்டும், பின்கட்டுக்கு இன்னும் இரண்டு. கண்ணை மூடிவிட்டால் முதல் நாளே படியில் உருண்டு உடையும். படியில் அதைக் காப்பாற்றுகிற அதே சென்சார்தான் அத்தையின் வாசலில் நிறுத்துகிறது, ஒன்றை விட்டு ஒன்று கிடைக்காது.

வாசல் பட்டைமேல் வெள்ளை டேப் ஒட்டலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "உங்க மாமா போட்ட பார்டர்மேல பசை ஒட்டப்போறியா?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை, அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. மிஷின் மூன்று வருடமாக இருக்கிறது, அந்தத் தரை அரை நூற்றாண்டாக இருக்கிறது, ஒரு விரிசல் கிடையாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இது அந்த மிஷினின் குறை இல்லை, இந்த வகைச் சென்சார் எதில் இருந்தாலும் கறுப்புத் தரையில் இப்படி ஆகலாம். கையேட்டில் கடைசிப் பக்கங்களில் ஒரு வரியும் இருக்கிறது, அடர்நிறத் தரையில் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று. அதை ஏன் விற்கும்போது சொல்வதில்லை என்பதுதான் என் கோபம். செட்டிநாட்டிலிருந்து இங்கே மலைவரைக்கும் எத்தனை பழைய வீடுகளில் கறுப்பு பார்டர் போட்ட தரை இருக்கிறது! நம் நாட்டில் விற்கிற பொருளின் பெட்டிமேல் இந்த ஒரு வரியைப் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது ரிப்பேர் கதை. அத்தை ஸ்வெட்டர் பின்னுவார். ஒரு நாள் நூல்கண்டு ஹாலில் உருண்டிருக்கிறது, நுனி இடது சக்கரத்தில் சிக்கி, அச்சைச் சுற்றிச் சுற்றி உள்ளே பல்சக்கரம்வரை போய்விட்டது. தப்பு எங்கள்மேல்தான். ஆனால் 643-இல் தொடங்கும் பின்கோடுக்கு வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் வசதி இல்லை என்றார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கோயம்புத்தூரில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் தருகிறோம் என்றவர்கள் பத்தொன்பது நாள் ஆக்கினார்கள். வாங்கப் போனபோது, வந்ததுதான் வந்தோம் என்று பார்டர் விஷயத்தையும் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "தரைய மாத்திடுங்க மேடம்" என்றான். பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தி மகள் போன் செய்தது அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து.

அந்தப் பத்தொன்பது நாளும் நானும் ஓரகத்தியும் மாறி மாறிப் பூந்துடைப்பத்தால் பெருக்கினோம். மூன்றாவது நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. சோபாவுக்கு அடியில் மறுபடி பஞ்சு உருண்டை. பிள்ளைகளின் சாக்ஸ் மறுபடி தரைக்கு வந்துவிட்டது. அத்தையே ஒரு நாள் கேட்டார், "அது எப்ப வரும்?" என்று.

மலையில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். ஃபில்டரைக் கழுவினால் ஒரு நாள் காயவிடச் சொல்வார்கள், நவம்பரில் எங்கள் வீட்டில் மூன்று நாளானாலும் காயாது, ஈரத்தோடு போட்டால் வீடு முழுக்க முக்கல் வாடை. கூடுதலாக இரண்டு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். செருப்பு மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டவே ஓட்டாதீர்கள், டைல்ஸ் முழுக்கச் சேற்றால் மெழுகி வைத்துவிடும். குளிர்காலத்தில் கரி அடுப்பு வைக்கிற இடத்தை ஆப்பில் தடைப் பகுதியாகக் குறித்துவிடுங்கள், சாம்பல் ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும், கங்கு ஏதாவது இருந்தால் இன்னும் ஆபத்து. மரம் விழுந்து கரண்ட் போய் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால், சார்ஜ் ஆகிறது என்று சத்தமாக அறிவித்து வீட்டையே எழுப்பிவிடும். குரலை அமைதி நேரத்துக்கு மாற்றி வைத்த பிறகுதான் தூங்கினோம்.

இப்போது சனிக்கிழமைகளில் நானே அதைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தையின் அறையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டிலுக்கு அடியில், நடுவில் எல்லாம் நன்றாகவே எடுக்கிறது. சிவப்பு முடிந்ததும் நின்று கூப்பிடும், எடுத்து வெளியே வைக்கிறேன். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, நாலு பக்கமும் அந்தக் கறுப்பு பார்டரை நனைத்துப் பிழிந்த துணியால் கையால் துடைக்கிறேன். போன மழைக்காலத்தில் அத்தையின் இருமல் முன்னைவிடக் குறைந்திருந்தது.

சித்தி மகளே, உன் வீட்டில் பழைய பலகைத் தரை, கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட பாலிஷ், நான் பார்த்திருக்கிறேன். நான் மறுபடி வாங்குவேனா என்றால் நாளைக்கே வாங்குவேன். நீ வாங்காதே. ஏழாயிரம் குறைந்தாலும் வேண்டாம். அப்படியும் ஆசை விடவில்லை என்றால், தீபாவளிக்கு இங்கே வரும்போது எங்களதை எடுத்துத் தருகிறேன், கொடைக்கானல் கொண்டுபோய் உன் ஹாலில் நாலு நாள் ஓடவிட்டுப் பார். சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொள், நூல்கண்டுகளை மேலே வை.