இறுதியாண்டுத் திட்ட அறிக்கை: வேர்டா, லேடெக்கா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் கணினிப் பொறியியல் படிப்போர் எட்டாம் பருவத்தில் ஒப்படைக்கும் திட்ட அறிக்கைக்குப் பல்கலைக்கழகமே ஒரு வடிவத்தை வகுத்திருக்கிறது. ஏ4 தாளில், டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில், 14 புள்ளி அளவில், ஒன்றரை வரி இடைவெளியில் அறிக்கை அமைய வேண்டும். பைண்டிங் செய்வதற்காக இடப்பக்க ஓரத்தைச் சற்று அகலமாக விட வேண்டும். திட்டம் மாணவரின் சொந்த வேலைதான் என்று உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழுக்கும், திட்டத்தின் சுருக்கத்துக்கும் இரட்டை வரி இடைவெளி. முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண்கள், முதல் அத்தியாயத்திலிருந்து வழக்கமான எண்கள். இவை அனைத்தையும் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் செய்யலாம், உரையைக் கட்டளைகளோடு எழுதி, பின் தொகுத்து (கம்பைல் செய்து) அச்சுப்பக்கமாக்கும் லேடெக்கிலும் செய்யலாம். துறையினர் திட்டத்தை மதிப்பிடும் கடைசி ரெவ்யூ முடிந்து, ஒப்படைக்கச் சில நாள்களே இருக்கும்போது கைடு (வழிகாட்டும் ஆசிரியர்) திருத்தங்கள் சொன்னால் எந்தக் கோப்பு அவற்றைக் குலையாமல் தாங்கும் என்று பார்த்தே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

டொனால்டு நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பியதே லேடெக். இதில் நான்காம் அத்தியாயத்தின் நடுவே புதிதாக ஒரு கட்டமைப்பு வரைபடத்தைச் சேர்த்தால், அடுத்துவரும் படங்களின் எண்களும், படப்பட்டியலும், உள்ளே சுட்டப்பட்ட எண்களும் மறுபடி ஓரிரு முறை தொகுத்தவுடன் தாமாகவே சரியாகிவிடுகின்றன. மேற்கோள் நூல்களின் பட்டியலில் உரையில் சுட்டியவை மட்டுமே இடம்பெறும். பின்னிணைப்பில் வரும் நிரலை மூலக் கோப்பிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ள முடியும் என்பதால், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் இயக்கிக் காட்டும் நிரலும் அச்சில் உள்ள நிரலும் வேறுபடும் வாய்ப்பு குறைவு. கணினி மாணவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை என்றே நினைக்கிறேன். கோப்பு வெற்று உரை என்பதால், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்னும் மென்பொருள் மூலம் யார் எந்த வரியை மாற்றினார் என்றும் பார்க்கலாம்.

ஆனால் மேற்சொன்ன வடிவமும் லேடெக்கும் இயல்பாக ஒத்துப்போவதில்லை. அதன் வழக்கமான அறிக்கை வகுப்பு (பக்க அமைப்பை வகுக்கும் வார்ப்புக் கோப்பு) 10, 11, 12 புள்ளி அளவுகளை மட்டுமே தருகிறது. 14 புள்ளிக்கு வேறு வகுப்பைத் தேட வேண்டும். அதன் ஒன்றரை இடைவெளி வேர்டின் ஒன்றரை இடைவெளியைவிட நெருக்கமாக அமைவதால், பக்கத்தைப் பார்த்ததும் துறையில் கேள்வி எழலாம். தரவுத்தளப் புலப்பெயர்களில் நிறைந்திருக்கும் அடிக்கோட்டை (_) சாதாரண உரையில் அப்படியே தட்டச்சு செய்தால் தொகுப்பே பிழை காட்டி நிற்கும். தமிழிலும் சுருக்கம் கேட்கும் துறைகளில் சிக்கல் இன்னும் கூடும்: லேடெக் கோப்பைத் தொகுக்கப் பலரும் பயன்படுத்தும் பிடிஎஃப்லேடெக் தமிழ் எழுத்துருக்களை நேரடியாகக் கையாளாது, வேறு தொகுப்பிகளான சீலேடெக்குக்கோ லுவாலேடெக்குக்கோ மாற வேண்டும். வேர்டிலோ நிர்மலா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்தால் வேலை முடிந்தது.

வேர்டின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி, அதைத் தட்டச்சுப் பொறியாகப் பயன்படுத்துவதால் வருபவை. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கிவிட்டு, பொருளடக்கத்தில் புள்ளிகளையும் பக்க எண்களையும் கையால் அடித்தால், ஒரு பத்தி கூடியதுமே எல்லாம் தவறாகிவிடும். தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல்களையும் (வேர்டில் பெயரிட்டு வைத்திருக்கும் தலைப்பு வடிவங்கள்), படங்களுக்குக் கேப்ஷன் வசதியையும் பயன்படுத்தி, முன்பக்கங்களைச் செக்‌ஷன் பிரேக்கால் பிரித்துவிட்டால், முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தியதும் பொருளடக்கமும் படப்பட்டியலும் புதுப்பிக்கப்படும். இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். லேடெக்கைக் கற்க ஒரு பருவத்தின் பாதியாவது ஆகும். அதற்கும் மேலாக, வேர்டின் ட்ராக் சேஞ்சஸ் வசதியால் கைடு தன் திருத்தத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதித் தருகிறார். பெரும்பாலான கைடுகள் கேட்பதும் வேர்டு கோப்பைத்தான்.

வேர்டின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. குழுவில் உள்ள நான்கு பேர் தனித்தனியே எழுதிய அத்தியாயங்களை ஒரே கோப்பில் ஒட்டும்போது ஒவ்வொருவரின் ஸ்டைலும் கூடவே வந்து கலந்துவிடுகிறது. படங்கள் இடம் மாறுகின்றன. தொடக்கத்திலேயே ஒரே வார்ப்புருவை எல்லோருக்கும் கொடுத்து, ஒட்டும்போது உரையை மட்டும் ஒட்டுவதே இதற்குத் தீர்வு. கூகுள் டாக்ஸ் இந்தக் கூட்டெழுத்துக்கு மிகவும் ஏற்றது என்றாலும், வரைவு வரைக்கும் அதை வைத்துக்கொண்டு வடிவமைப்பை வேர்டில் முடிப்பதே நல்லது.

ஆகவே, இளநிலைக் குழுத் திட்டத்துக்கு ஸ்டைல்களோடு கூடிய வேர்டையே பரிந்துரைப்பேன். தனியாகத் திட்டம் செய்யும் முதுநிலை (எம்.இ.) மாணவருக்கு, அதிலும் சமன்பாடுகள் நிறைந்த இயந்திரக் கற்றல் ஆய்வுக்கு, பிடிஎஃப்பில் குறிப்பெழுத ஒப்புக்கொள்ளும் கைடு அமைந்திருந்தால், லேடெக்கே மேலானது. அப்படித் தேர்வோர், வேறு எதையும் எழுதும் முன்னரே தலைப்புப் பக்கம், போனஃபைடு சான்றிதழ், பொருளடக்கம் ஆகியவற்றை வடிவப்படி தொகுத்து, முதல் ரெவ்யூவிலேயே கைடிடமும் துறைத்தலைவரிடமும் காட்டிச் சம்மதம் பெற்றுவிட வேண்டும். எதில் எழுதினாலும் ஜெராக்ஸ் கடைக்கு எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் மட்டுமே போக வேண்டும். அங்குள்ள கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் பக்கங்கள் நகர்ந்து, பொருளடக்கத்தில் உள்ள எண்ணும் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாமல் ஆகலாம்.