பி-52-ஆ, டியூ-95-ஆ?

1948 அக்டோபர். அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஒரு ஹோட்டல் அறை. டர்போபிராப் (வாயுச்சுழலி புரொப்பல்லரைச் சுற்றும் எஞ்சின்) குண்டுவீச்சு விமானத்தின் வரைபடத்தோடு வந்திருந்த போயிங் பொறியாளர்களிடம், புரொப்பல்லர் வேண்டாம், ஜெட்டாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டது விமானப்படை. அவர்கள் ஊர் திரும்பவில்லை. ஜார்ஜ் ஷைரர் கடைக்குப் போய் பால்சா கட்டையும் பசையும் வாங்கி வந்து மாதிரி விமானத்தைச் செதுக்கினார். மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். திங்கட்கிழமை மாதிரியும் 33 பக்க அறிக்கையும் தயார். பி-52 பிறந்தது இப்படித்தான்.

சோவியத் பக்கமும் இதே சிக்கல்தான்: கண்டம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். அன்றைய ஜெட் எஞ்சின்களோ எரிபொருளை மடமடவென்று குடித்தன. அமெரிக்காவுக்கு வெளிநாட்டுத் தளங்கள் இருந்தன, வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களும் இருந்தன. சோவியத் விமான வடிவமைப்பாளர் துபோலெவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் போயிங் கைவிட்ட டர்போபிராப்பையே அவர் பிடித்துக்கொண்டார்; அதுதான் டியூ-95. ஜெட்டை நம்பிய இன்னொரு சோவியத் வடிவமைப்பாளர் மியாசிஷ்சேவின் எம்-4 குண்டுவீச்சு விமானம் தூரம் போதாமல் பின்தங்கியது. துபோலெவின் கணக்கு சரி என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டும் முதலில் பறந்தது 1952-ல். பி-52 ஏப்ரலில், டியூ-95 நவம்பரில். இரண்டுக்கும் இறக்கைகள் சுமார் 35 பாகை பின்சாய்ந்தவை. எஞ்சினில்தான் வழி பிரிகிறது. பி-52-ல் எட்டு ஜெட். டியூ-95-ல் நான்கே எஞ்சின். ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு புரொப்பல்லர்கள், ஒன்று இப்படிச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம். இந்த அமைப்புக்கு விலை உயிர்தான். 1953 மே மாதம் எஞ்சினின் பல்சக்கரப் பெட்டி உடைந்து தீப்பிடித்ததில் முதல் மாதிரி விழுந்தது. சோதனை விமானி பெரெல்யோத் இறந்தார். அப்புறம் வந்ததுதான் குஸ்நெத்சோவ் குழுவின் என்கே-12 எஞ்சின், சுமார் 15,000 குதிரைத்திறன். புரொப்பல்லர் வைத்துக்கொண்டு மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும் விமானம்! புரொப்பல்லர் இறகுகளின் நுனிகள் ஒலியின் வேகத்தைத் தொடுவதால் எழும் இரைச்சல் பயங்கரம். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017 வரை இருந்த டியூ-142 கடல் கண்காணிப்பு விமானம் இதன் தம்பிதான்; அக்கம்பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

முழு விமானமாகப் பார்த்தால் என் ஓட்டு பி-52-க்கே. சுமார் 31 டன் சுமக்கும். அணுகுண்டுக்காகச் செய்த அதே உடலில் சாதாரணக் குண்டு, குரூஸ் ஏவுகணை என்று எதை மாட்டினாலும் ஏற்றுக்கொண்டது. அந்தத் திறமையை வியட்நாம் மக்கள் உயிரால் அனுபவித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டியூ-95 1961-ல் 50 மெகாடன் குண்டைச் சோதனைக்காகப் போட்டதோடு சரி, 2015-ல் சிரியா வரை போரில் இறங்கவே இல்லை. இன்று உக்ரைன் நகரங்கள்மீது விழும் ஏவுகணைகளில் அதன் பங்கு இருக்கிறது.

ஆனால் எஞ்சினுக்கு மட்டும் ஓட்டுக் கேட்டால் யோசிக்காமல் டியூ-95-க்குப் போடுவேன். பி-52-க்கு இப்போது ரோல்ஸ்-ராய்ஸின் புது எஞ்சின்களை மாட்ட ஏற்பாடு நடக்கிறது. டியூ-95 இன்னும் அந்த என்கே-12 வகை எஞ்சினோடுதான் பறக்கிறது.